மலையைப் படித்துவிட்டு நேர்காணலுக்குப் போங்கள்

கேமரன் மலையில் போ தேயிலை நிறுவனம் 1929இல் தொடங்கியது. அங்கே கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அரசாங்க வேலைக்கு மனுப் போடுகிறார்கள். நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் பலரும் செய்வது, அமைச்சர்களின் பெயர்களையும் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கொள்கையின் ஐந்து கோட்பாடுகளையும் மனப்பாடம் செய்வது. அது வேண்டியதுதான், போதாது.

"உங்கள் மாவட்டத்தின் பெரிய சிக்கல் என்ன?" என்று கேட்டால்? 2013 அக்டோபரில் நம் கேமரன் மலையின் சுல்தான் அபு பாக்கார் அணையின் நீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. மேலே காட்டை அழித்த சரிவுகளிலிருந்து அடித்துவந்த மண் ரிங்லெட் ஏரியில் படிந்து, அணையின் கொள்ளளவைக் குறைத்திருந்தது. இதை நான்கு வாக்கியத்தில், பதறாமல், மலாயில் சொல்லத் தெரிந்த பிள்ளையைத் தேர்வாளர் மறக்கமாட்டார்.

அந்த மலாய்தான் பலருக்கு இடறுகிறது. எஸ்.பி.எம். தேர்வில் மலாயில் நல்ல தேர்ச்சி இருக்கும். வாய் திறந்தால் வராது. வீட்டில் தமிழ், நண்பர்களோடும் தமிழ், பிறகு எப்படி வரும்? தானா ராத்தாவில் அப்பாவுக்கு ஏதாவது அலுவலக வேலை இருந்தால் கூடப் போய், முகப்பில் நீங்களே பேசுங்கள். காசு கட்டிப் படிக்கும் வகுப்பைவிட இது மேல்.

கடைசியாக ஒன்று: அரசாங்க வேலைக்காகப் பொதுச் சேவை ஆணையத்தில் செய்யும் இணையப் பதிவு ஓராண்டுதான் செல்லும். உங்களுடையது காலாவதியாகிவிட்டதா என்று இன்றே பாருங்கள்.