அவையின் கடமை: பன்மொழி ஆங்கில வகுப்பறையில் பொறையும் பேச்சுத்துணிவும்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆங்கில வகுப்பறை, பல மொழியினரும் பல பண்பாட்டினரும் கூடும் அவையாகும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 2.6 இலட்சம் பேரே. ஆதலின் அவ்வகுப்பில் அமர்ந்திருப்போருள் பெரும்பாலோர்க்கு அது கற்றுக்கொண்ட மொழியே. எனினும் ஒருவரது ஒலிப்பைக் கேட்டு மற்றொருவர் நகைப்பதும், நகைப்புக்கு ஆளானவர் பின்னர் வாய்திறவாமையும் அங்குக் காணக்கூடியனவே.

இதற்கு மருந்தாகச் ‘சகிப்புத்தன்மை’ பரிந்துரைக்கப்படுகிறது. யார் எதனைச் சகிப்பது என்பதே இங்கு எழும் வினா. உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய மாநில மாணவர் சிலர் ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்பர். தமிழ் மாணவர் சிலர் ‘பஸ்’ என்பதைப் ‘பஸ்ஸு’ என்பர். முன்னவர் சொல்லின் முதலிலும் பின்னவர் இறுதியிலும் உயிரொலி சேர்க்கின்றனர். இரண்டும் அவரவர் பேச்சின் ஒலிமரபே. அயலெழுத்தைக் களைந்து தமிழொலிக்கு இசைந்த வடசொல்லைச் செய்யுட்குரிய சொல்வகையுள் ஒன்றாகத் தொல்காப்பியர் எச்சவியலில் வைத்தார். அதனை இலக்கணமெனக் கற்பிக்கும் நாமே (தமிழாசிரியரையும் சேர்த்தே கூறுகிறேன்) மாணவர் வாயில் அத்தகைய மாற்றத்தைக் கேட்டுப் புன்னகைக்கிறோம். குற்றமெனத் தீர்ப்பளித்த பின்னரே சகிப்பு என்னும் சொல்லுக்கு இடமுண்டாகிறது. ஒலிமரபைப் பொறுத்தவரை அச்சொல்லே பொருந்தாது.

எனில், திருத்துதலே கூடாதோ? அவ்வாறன்று. பொருள் விளங்காத இடத்தும் திருத்தாது விடுதல் பொறையன்று, புறக்கணிப்பு. நாளை நேர்காணலில் அதன் விளைவை ஏற்பவர் அம்மாணவரே. நன்னூலார் ஆசிரியர்க்கு நிலத்தோடு நிறைகோலையும் உவமையாக்கியது இங்குக் கருதத்தக்கது.

வள்ளுவர் ‘அவையஞ்சாமை’யை அமைச்சியலில் வைத்தார். அங்கே அச்சத்தின் நீக்கம் பேசுவோனின் கல்வியைச் சார்ந்தது; அவையோ கற்றோர் அவை. வகுப்பறை அவ்வாறன்று. அங்குக் கேட்போரும் கற்போரே. ஆகவே துணிவின்மையைப் பேசுவோரின் குறையாக மட்டும் கொள்ளுதல் நேர்மையாகாது என்பது என் கருத்து.

கலந்துரையாடலில், மறுப்புரைக்கும் முன் முன்னவர் கூறியதைத் தம் சொற்களில் எடுத்துரைத்து அவரது இசைவைப் பெறவேண்டும் என விதிக்கலாம். வினாவையும் விடையையும் மனப்பாடம் செய்விக்கும் பயிற்சியினும் இது கடினமானது. காலமும் மிகுதியாகக் கொள்ளும். ஆனால் அவ்வகுப்பில் ஒலிப்பைக் கேட்டு நகைத்தவரே, “தாங்கள் கூறியது யாது?” என மீண்டும் வினவ நேரும்.