மூன்றில் ஒரு பங்கு

ஒன்றை ஒருவன் புரிந்துகொண்டான் என்பதை இன்னொருவன் எப்படித் தெரிந்துகொள்வது? தத்துவத்தில் நுழைந்து பார்க்கும் ஆசையில் இதை நான் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருஷங்கள் இந்தக் கேள்விக்குப் பத்துக்கு இவ்வளவு என்று சிவப்பு மையில் பதில் எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லி, அவர்கள் ஒரு பத்தியை வாசித்துச் சுருக்கி எழுதுவதற்கு மார்க் போடுவது என் தொழிலாக இருந்தது. இதைப் படிப்பவர்களில் சிலருக்கும் அதுவே தொழில். மாலையில் கவிதையின் அர்த்தம் பற்றி விவாதித்தவர்களும் காலையில் கட்டுக்கட்டாகப் பேப்பர் திருத்தியவர்களும் நாம்தான். இரண்டையும் சேர்த்து வைத்து நாம் பேசிக்கொண்டதில்லை.

1988 கோடையில் நடந்தது இது. பேப்பர் திருத்தும் முகாம், நீளமான ஹால், காலையில் ஒரு கட்டு, சாப்பாட்டுக்குப் பின் ஒரு கட்டு. கொடுத்திருக்கும் பத்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கித் தலைப்பிட வேண்டும் என்பது கேள்வி. பத்தி கிணறுகளைப் பற்றியது. ஒரு கிராமம், அதில் ஆழமில்லாத பழைய கிணறுகள். ஒருவர் ஆழமாகத் தோண்டி மோட்டார் வைக்கிறார். சில வருஷங்களில் சுற்றியுள்ள கிணறுகள் வற்றுகின்றன. மழை பொய்த்துவிட்டது என்று ஊரில் பேச்சு. எழுதியவர் அதை ஒப்புக்கொள்வதாகவும் இல்லை, மறுப்பதாகவும் இல்லை. தண்ணீர் எல்லோருக்கும் பொதுவானது, சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்று நயமாக முடித்துவிடுகிறார். எங்களுக்குத் தரப்பட்ட விடைக்குறிப்பில் ஐந்து கருத்துகள் இருந்தன. ஐந்தாவது கருத்து, தண்ணீர்ச் சிக்கனம்.

ஒரே கட்டில் இரண்டு தாள்கள். முதல் தாள் சுத்தமாக இருந்தது. பத்தியின் முதல் வாக்கியம், நான்காவது வாக்கியம், இடையில் இன்னும் இரண்டு, பிறகு கடைசி வாக்கியம். நடுவே சில அடைமொழிகள் உதிர்ந்திருந்தன. அடியில் ஒரு கட்டம் போட்டு, எத்தனை வார்த்தைகள் என்ற கணக்கு. பிழை ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்? வாக்கியங்கள் அவனுடையவை அல்ல. ஏழு மார்க் போட்டேன்.

இரண்டாவது தாளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி தொடங்கி அடிக்கப்பட்டிருந்தது. கீழே தமிழில் மூன்று வாக்கியங்கள். வார்த்தைக்கு வார்த்தை நினைவில்லை, சாரம் இதுதான்: அந்த ஊரில் மழை குறையவில்லை. வசதியுள்ளவன் ஆழத் தோண்டியதால் இல்லாதவன் கிணறு வற்றியது. இதைச் சொல்ல வந்தவர் கடைசியில் எல்லோரையும் சேர்த்துச் சிக்கனமாக இருக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்தத் தாளுக்குப் பூஜ்யம் போட்டேன். போடுவதற்கு முன் மேலே இருந்தவரிடம் காட்டினேன். 'இது இங்கிலீஷ் பரீட்சை சார்' என்றார். சரியான பதில். சரியாக இருந்ததால்தான் அது இன்றுவரை என்னை விடவில்லை. தவறான பதிலாக இருந்தால் அன்றே சண்டை போட்டு மறந்திருப்பேன்.

இந்தப் பரீட்சை எதைப் பரீட்சிக்கிறது? ஒரு பத்தியைச் சுருக்குகிறவன் மூன்று காரியங்கள் செய்கிறான். வாசிக்கிறான், எது முக்கியம், எது துணை என்று பிரிக்கிறான், பிரித்ததைத் தன் வார்த்தையில் சொல்கிறான். கின்ட்ச், வான் டைக் இருவரும் 1978-இல் எழுதிய கட்டுரையில், வாசகனின் மனம் நடுக்காரியத்தை எப்படிச் செய்கிறது என்பதற்குச் சில விதிகளைச் சொன்னார்கள். தேவையற்றதை நீக்குவது, பலவற்றை ஒரு பொதுச் சொல்லில் அடக்குவது, பிரதியில் எங்கும் எழுதப்படாத ஒரு வாக்கியத்தைப் புதிதாகக் கட்டி அதன்கீழ் மற்றவற்றைக் கொண்டுவருவது. 1983-இல் ஆன் பிரவுன், ஜீன் டே என்ற இருவர் அமெரிக்கப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். நீக்குவது சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. இல்லாத வாக்கியத்தைக் கட்டுவது கடைசியில் வருகிறது, பலருக்கு வருவதே இல்லை. பிரதியிலிருந்து சிலதை அப்படியே எடுத்து, மீதியை விட்டுவிடுவதுதான் பெரும்பாலோரின் வழி. தாய்மொழியிலேயே இதுதான் நிலைமை என்றால், இரவல் மொழியில் எழுதுகிறவனைக் கேட்பானேன்?

முதல் தாள்காரனை நான் பழிக்கவில்லை. இரவல் மொழியில் சொந்தமாகச் செய்கிற ஒவ்வொரு வாக்கியமும் அபாயம். பத்தியின் வாக்கியத்தில் பிழை இருக்காது என்ற உத்தரவாதம் உண்டு. பத்தியைப் புரிந்துகொண்டானோ இல்லையோ, பரீட்சையை அவன் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தான். என் பிரச்னை வேறு. 1958-இல் ஐ.பி.எம்.மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன், கட்டுரைகளை இயந்திரமே சுருக்குவதற்கு ஒரு முறை கண்டுபிடித்தார். திரும்பத் திரும்ப வரும் முக்கியச் சொற்கள் நெருக்கமாக உள்ள வாக்கியங்களைப் பொறுக்கி அப்படியே அச்சிட வேண்டியது. இயந்திரத்துக்குக் கிணறும் தெரியாது, மழையும் தெரியாது. நான் ஏழு மார்க் கொடுத்த காரியத்தை அது அப்போதே செய்துவிட்டது. ஆக, புரிதல் சிறிதும் இல்லாமலே செய்யக்கூடிய ஒன்றுக்குப் புரிதல் என்று பெயரிட்டு மார்க் போட்டிருக்கிறேன். புரிதல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது தாளில் புரிதல் இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனால் நான் செய்வது வெறும் உருக்கம். அவன் வறண்ட ஊர்க்காரனாக இருந்திருக்கலாம். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் தன் வீட்டுக் கிணற்றை என்ன செய்யும் என்பது கண்ணால் கண்ட விஷயமாக இருந்திருக்கலாம். கிணறு, ஆழம், வறட்சி என்ற மூன்று ஆங்கிலச் சொற்கள் பிடிபட்டால் போதும், மீதிக் கதையை அவனே சொல்லிவிடுவான். வாசிப்பில் நாம் கொண்டுவருவது எவ்வளவு, பிரதி தருவது எவ்வளவு என்று பிரிப்பது சுலபமல்ல. 1979-இல் ஸ்டெஃபென்சன், ஜோக்-தேவ், ஆண்டர்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வில், இந்தியர்களும் அமெரிக்கர்களும் ஒரு இந்தியக் கல்யாணம், ஒரு அமெரிக்கக் கல்யாணம் பற்றிய இரண்டு கடிதங்களை வாசித்தார்கள். இரண்டும் ஆங்கிலம்தான். தங்கள் கல்யாணத்தைப் பற்றியதை அவரவர் வேகமாக வாசித்தார்கள், அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். அமெரிக்க மணப்பெண் பாட்டியின் கல்யாண உடையை அணிந்திருந்தாள் என்பது அவர்களுக்குப் பெருமை. நம்மவர் ஒருவருக்கு அது பழசாகிப்போன, நாகரிகம் கடந்த உடை. மொழி தெரிந்திருந்தது. கல்யாணம் தெரியவில்லை.

அப்படியானால் என் மாணவன் தனக்குத் தெரிந்த கிணற்றைத்தான் எழுதினானா? முதல் இரண்டு வாக்கியங்களைப் பற்றி அப்படிச் சந்தேகிக்கலாம். மூன்றாவது வாக்கியத்தை அப்படிச் சொல்ல முடியாது. எழுதியவர் தன் பேச்சையே கடைசியில் விட்டுவிட்டு நழுவினார் என்பதை எந்தக் கிணற்றடி அனுபவமும் தராது. அதைப் பத்தியில் மட்டுமே கண்டுபிடிக்க முடியும். பத்தியில் அது எழுதப்பட்டிருக்கவும் இல்லை. இல்லாத வாக்கியத்தைக் கட்டுவது என்று சொன்னேனே, அதுதான் இது. விடைக்குறிப்பு தயாரித்தவருக்கும் எனக்கும் தென்படாதது அவனுக்குத் தென்பட்டது. நாங்கள் ஐந்தாவது கருத்து என்று எண்ணிக்கையில் சேர்த்ததை அவன் நழுவல் என்று படித்தான்.

1929-இல் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், ஆசிரியர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கொடுத்து வாங்கிய குறிப்புகளைப் புத்தகமாக்கினார். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்த, நன்கு படித்த அந்த மாணவர்களில் பலர், கவிதையின் நேர் அர்த்தத்திலேயே தடுக்கி விழுந்திருந்தார்கள். தயாராகக் கையில் இருந்த உணர்ச்சிகளைக் கவிதையின்மேல் கொட்டியிருந்தார்கள். இதை நாம் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருப்போம்! கிளியந்த் ப்ரூக்ஸ் 1947-இல் கவிதையைப் பொழிப்புரையாக்கும் முயற்சியையே ஒரு துரோகமாக்கிப் பேசியதையும் மாலை வேளைகளில் ஒப்புக்கொண்டிருப்போம். அதெல்லாம் கவிதைக்கு, கிணற்றைப் பற்றிய உரைநடைக்கு எதற்கு என்று நினைத்தது தவறு. அந்தப் பத்தியின் விஷயமே அதன் தொனியில்தான் இருந்தது. தொனியை உரித்துவிட்டுக் கருத்துகளை எண்ணியபோது, சுருக்கம் பத்தியைவிடப் பெரிய நழுவலாயிற்று.

தமிழில் எழுதச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்பது சௌகரியமான பதில். அதில் உண்மையும் உண்டு. ஸ்பானிஷ் படித்த அமெரிக்க மாணவர்களை வைத்து ஜேம்ஸ் லீ 1986-இல் காட்டியது அதுதான்: வாசித்ததைத் தாய்மொழியில் நினைவுகூரச் சொன்னபோது, அவர்கள் புரிந்துகொண்டிருந்தது கூடுதலாக வெளிப்பட்டது. அன்னிய மொழியில் சொல்லச் சொல்லும்போது, புரிந்ததில் எவ்வளவைச் சொல்ல முடிகிறதோ அவ்வளவே நமக்குத் தெரிகிறது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதத் தெரியும் என்று ஒரு சான்றிதழ் சொல்லுமானால் அது தெரிந்திருக்கத்தான் வேண்டும். அந்தப் பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பரீட்சைகளை ஒரே பூஜ்யத்தில் அடைத்தோம் என்கிறேன். எழுத முடியவில்லை என்பதற்கு ஒரு கட்டமும், புரிந்தது என்பதற்கு ஒரு கட்டமும் போட்டிருக்கலாம். மார்க் என்பது சாட்சியம். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதினால் அதற்கு என்ன பெயர் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

சுருக்கி எழுதும் இந்தப் பயிற்சி நமக்கு எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் சிவில் சர்வீஸ் பரீட்சைகளில் 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஸி ஒரு பாடம். இன்றும் நம் மத்திய தேர்வாணையத்தின் கட்டாய ஆங்கிலத் தாளில் அது இருக்கிறது. கோப்பு முழுவதையும் படிக்க மேலதிகாரிக்கு நேரமில்லை. கீழே இருப்பவன் படித்துச் சாரத்தைக் கொடுக்க வேண்டும், தன் அபிப்பிராயத்தைக் கலக்கக் கூடாது. அங்கே அதற்கு ஒரு நியாயம் உண்டு. படிக்காத ஒருவர் இருக்கிறார். பரீட்சையில் யாருக்காகச் சுருக்குகிறான்? பத்தியையும் படித்து, விடையையும் கையில் வைத்திருக்கும் எனக்காக. எனக்குச் சொல்ல வேண்டிய தேவை எதுவும் இல்லாதபோது, அவன் சொல்வது வெறும் பணிவாகிவிடுகிறது. இரண்டாவது தாளில் அது நடக்கவில்லை. யாரோ தெரியாத ஒருவருக்கு விஷயத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற அவசரம் அந்த மூன்று வாக்கியங்களில் இருந்தது.

தொல்காப்பிய மரபியல், முதல்நூலிலிருந்து பிறக்கும் வழிநூல்களை நால்வகையாகப் பிரிக்கிறது. சுருக்குவது, விரிப்பது, இரண்டையும் கலந்து செய்வது, மொழிபெயர்ப்பது. சுருக்கமும் மொழிபெயர்ப்பும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. இரண்டும் நூல் செய்யும் காரியங்கள், செய்கிறவன் ஆசிரியன். நம் மாணவன் முதல் வகையையும் நான்காம் வகையையும் ஒரே மூச்சில் அரைமணி நேரத்தில் செய்துவிட்டான். அவனை நாம் எழுத்தராகக்கூட ஏற்கவில்லை.

அன்று நான் என்ன செய்திருக்க வேண்டும்? நாலு மார்க் போட்டிருக்கலாம் என்று முன்பெல்லாம் சொல்லிக்கொள்வேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. அதே கட்டில் இன்னும் பலர் இருந்தார்கள். தமிழில் எழுதினால் தாங்களும் நன்றாக எழுதியிருப்பார்கள். விதி தெரிந்து, அதற்குக் கட்டுப்பட்டு, உடைந்த ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி மூன்று மார்க் வாங்கியவர்கள். ஒருவனுக்கு நான் காட்டும் சலுகை அவர்களுக்குச் செய்யும் அநீதி. விதி கெட்டதாக இருக்கும்போது, அதைத் தனியாக ஒருவனுக்கு மட்டும் மீறுவது தர்மமாகிவிடாது. மார்க்கைப் பொறுத்தவரை நான் செய்தது தப்பில்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் ஓரத்தில் இடம் இருந்தது. நீ புரிந்துகொண்டிருக்கிறாய் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். திருத்திய தாள் அந்த நாளில் மாணவன் கைக்குத் திரும்பிப் போகாது. அவன் அதைப் படித்திருக்கப்போவதில்லை. எழுதியிருந்தால் பார்த்ததைப் பார்த்ததாக நானாவது சொல்லியிருப்பேன். விதிக்குறிப்பைத் திருத்தச் சொல்லி அந்த ஹாலில் எழுந்து கேட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை. பூஜ்யத்தைப் போட்டு, வட்டமிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு அடுத்த தாளை எடுத்தேன். மதியக் கட்டு இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது.