கொடுக்கும் கையும் கொள்ளும் கையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பல்லாவரத்துக்கு மேற்கே அமைந்துள்ள திருநீர்மலை, பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்தருளிய திவ்யதேசம். இங்கு எம்பெருமான் நின்ற, வீற்றிருந்த, சயனித்த, நடந்த என நான்கு திருக்கோலங்களில் ஸேவை ஸாதிக்கிறான். நடந்த திருக்கோலம் உலகளந்த திருவிக்கிரமனுடையது. உலகையெல்லாம் அளந்தபோது அத்திருவடி எவர் தலையில் பட வேண்டும், எவர் தலையில் படலாகாது என்று விசாரித்துக்கொண்டு நீளவில்லை. உயர்ந்தோர் தாழ்ந்தோர், வேண்டுவோர் வேண்டாதோர் என்ற வாசி பாராமல் எல்லார் தலையிலும் பட்டது. பூர்வாசார்யர்கள் பெரிதும் ஈடுபடும் குணம் இது.

2021-ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது திருநீர்மலையும் அதனுள் சேர்ந்தது. அம்மாநகராட்சியின் முதல் மேயர் பதவி பட்டியலினப் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. பொதுச் சாலையில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் மொள்ளவும் உரிமை உண்டா என்று நூறாண்டுகளுக்கு முன் வழக்காடிக்கொண்டிருந்த ஒரு நாட்டில் இது சிறிய மாற்றமன்று. அம்மாற்றத்துக்காக உழைத்த பெரியோர் இருவர் இந்தச் செங்கற்பட்டுச் சீமையிலேயே பிறந்தவர்கள். அவர்கள் கேட்டதையும் நம் ஆழ்வார் அருளியதையும் அருகருகே வைத்துச் சிந்திப்பதே இவ்வுரையின் நோக்கம்.

தொண்டரடிப்பொடியாழ்வார் அருளிய திருமாலையின் நாற்பத்திரண்டாம் பாசுரத்தின் பொருளை நம் வாசகர் நன்கறிவர். குற்றமற்ற ஒழுக்கமும் மறைப் புலமையும் உடையோரை நோக்கி எம்பெருமான் இடும் கட்டளையாக அது அமைந்திருக்கிறது. உலகம் தாழ்த்தி வைத்த குலத்தில் பிறந்தவர்களானாலும் தன் அடியவர்களாகில், அவர்களைத் தொழவும், அவர்களுக்குக் கொடுக்கவும், அவர்களிடமிருந்து கொள்ளவும் வேண்டும் என்பது கட்டளை. இங்குக் கொடுப்பதும் கொள்வதும் ஞானத்தைப் பற்றியவை என்று ஆசார்யர்கள் அருளிச்செய்வர்.

இம்மூன்றில் தொழுவது எளிது. திருப்பாணாழ்வாரை லோகஸாரங்க முனிவர் தோளில் எழுந்தருளப்பண்ணிய வைபவத்தைக் கேட்டு நாம் உருகுகிறோம். ஆழ்வார் ஸந்நிதியில் கைகூப்புகிறோம். கொடுப்பதும் ஓரளவு எளிதே. கொடுப்பவன் உயரத்தில் நின்றுகொண்டே கொடுக்கலாம். கொள்ளுவதுதான் அரிது. கொள்ளுபவன் கையை ஏந்த வேண்டும். எதிரில் நிற்பவரிடம் தன்னிடம் இல்லாத ஒன்று இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வைஷ்ணவத்துக்கு உரைகல் இந்த மூன்றாவது கட்டளையே.

எம்பெருமானார் இதனை நடத்திக் காட்டினார். பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள் அந்தணரல்லர். அவர் அமுதுசெய்த சேஷத்தைத் தாம் பெற வேண்டும் என்று ஆசைப்பட்டு உடையவர் அவரைத் தம் திருமாளிகைக்கு அழைத்தார். உடையவர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பிகள் வந்து அமுதுசெய்து சென்றார். தேவிகளோ மிச்சத்தை அப்புறப்படுத்தி, இடத்தைச் சுத்திசெய்து, நீராடி, வேறாகத் தளிகை செய்துவிட்டார். திரும்பி வந்த உடையவரின் திருவுள்ளம் நொந்தது. அந்த அம்மையார் விருந்தினரைப் பட்டினி போட்டவரல்லர். அன்போடு பரிமாறியே அனுப்பினார். கொடுத்தலில் குறையில்லை, கொள்ளுதலில்தான் கை பின்வாங்கியது. பின்னர்ப் பேரருளாளனின் ஆறு வார்த்தைகளை உடையவர் பெற்றதும் அதே நம்பிகளின் திருவாக்கால்தான். நம் ஸம்பிரதாயத்தின் அடித்தளத்தில் இப்படி ஒரு கொள்ளும் கை இருக்கிறது.

இனி முற்கூறிய இருவரிடம் வருவோம். பரங்கிமலையில் 1883-ஆம் ஆண்டு பிறந்தவர் எம்.சி. ராஜா. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றுப் பள்ளி ஆசிரியரானார். அக்கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்ததை இப்பகுதியார் அறிவர். 1920-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்ற அவர், தம் மக்களை இழிவாகச் சுட்டிய பெயர்களை அரசு ஏடுகளிலிருந்து நீக்கி 'ஆதி திராவிடர்' என்று வழங்கச் செய்ய 1922-இல் தீர்மானம் கொண்டுவந்தார். சைதாப்பேட்டையிலுள்ள மாணவர் விடுதி இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. மற்றொருவர் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். 1893-இல் தம் மக்களுக்காக இதழ் தொடங்கி நடத்தியவர். பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லாருக்கும் உரியவை என்று 1924-இல் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பின்னர் அண்ணல் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டிலும் பங்கேற்றார்.

அவர்கள் கேட்டவை யாவை? மரியாதையான ஒரு பெயர், நடக்க ஒரு வழி, குடிக்க நீர், படிக்கப் பள்ளி. இவற்றில் எதுவும் பிறர் சொத்தன்று. நீரும் நிலமும் எம்பெருமானுடைய விபூதி. அவனுடையதை அவன் குழந்தைகளுக்கு மறுத்தவர்கள், அவன் முன்னே கைகூப்பவும் செய்தார்கள் என்பதே நாம் வெட்கத்தோடு எண்ண வேண்டியது.

நிலத்தின் கதையும் இச்சீமையில் தொடங்கியதே. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், இம்மக்களின் வறுமைக்கு நிலமின்மையே வேர் என்று 1891-இல் அரசுக்கு எழுதினார். அதன் பயனாக 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒப்படைக்கும் ஏற்பாடு வந்தது. பிறர் கைக்கு அந்நிலம் போகலாகாது என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. பஞ்சமி நிலம் என்பது அதுவே. ஆயினும் பெரும்பகுதி காலப்போக்கில் கைமாறிப் போயிற்று. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் அந்நிலத்தை மீட்கக் கோரி எழுந்த போராட்டத்தில், 1994-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். கொடுத்ததைப் பறித்துக்கொள்வதை நம் சாஸ்திரங்கள் தத்தாபஹாரம் என்று பெயரிட்டுப் பெரும் பாபமாகச் சொல்லும். நம் புறநகரில் மனை வாங்குவோர் பத்திரத்தை மட்டுமன்றி மனச்சாட்சியையும் பார்க்க வேண்டிய இடம் இது.

இங்கு ஓர் ஆக்ஷேபம் எழும். "பாசுரம் அடியவர்களாகில் என்றுதானே நிபந்தனை இடுகிறது? பாகவதர்களுக்குச் சொன்னதை ஊரார் எல்லார்க்கும் எப்படிப் பொருத்தலாம்?" என்பர். ஸமாதானம் இரண்டு வகை.

முதலாவது: ஆத்மாக்கள் அனைவரும் இயல்பாகவே அவனுக்குச் சேஷப்பட்டவர்கள். சிலர் அதை உணர்ந்திருக்கிறார்கள், சிலர் இன்னும் உணரவில்லை என்பதே வேறுபாடு. அதில் எவர் எந்நிலையில் இருக்கிறார் என்று அளக்கும் அதிகாரம் நமக்கில்லை. பாகவதாபசாரம் பலவகைப்படும் என்று கூறிய பிள்ளை லோகாசார்யர், பிறவியை ஆராய்வதை அவற்றில் ஒன்றாகத் தனியே எடுத்துக் காட்டியது இதனால்தான்.

இரண்டாவது இன்னும் கூரியது. ஒருவன் அடியவனாவதற்குத் திருக்கோயிலுக்கு வர வேண்டும். அருளிச்செயல் அவன் செவியில் விழ வேண்டும். வீதியை அடைத்து, கோயிற்கதவைச் சாத்தி, எழுத்தையும் மறுத்துவிட்டு, "நீ அடியவனாகில் தொழுவோம்" என்று சொன்னால் அந்த "ஆகில்" எப்போது நிறைவேறும்? சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டுச் சட்டமே கோயிற்கதவுகளை எல்லா வகுப்பினர்க்கும் திறந்துவிட்டது. அதற்கு ஏறக்குறைய எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே திருக்கோட்டியூரில் எல்லார்க்கும் கேட்கத் திருமந்திரப் பொருளை அருளிய ஆசார்யனைப் பெற்ற நாம், சட்டம் வரும்வரை காத்திருந்தோம். ஆகையால் வழியையும் நீரையும் பள்ளியையும் கேட்டுப் போராடியவர்கள், ஆழ்வாருடைய "ஆகில்" நிறைவேறுவதற்கும் தம்மையறியாமலே வழி திறந்தவர்கள் ஆவர். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அயல்நாடுகளில் வாழும் அடியார்களுக்கு இக்கடன் இருமடங்கு. அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், பிறந்த நாட்டை வைத்து மக்களைத் தடுத்த பழைய முறையை ஒழித்தது. அதற்கு முன்னே கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி அடிபட்டுப் பெற்ற உரிமைகள் அந்நாட்டின் மனத்தை மாற்றியிருந்தன. அவர்கள் திறந்த கதவின் வழியேதான் நம்மவர் பலர் சென்றனர். அங்கே கோயில்களும் எழுந்தன. அவர்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியா வந்திருந்தார். கேரளத்துப் பள்ளி ஒன்றில் தம்மையும் ஒரு தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்தபோது முதலில் திடுக்கிட்டதாகவும், பிறகு அது உண்மையே என்று உணர்ந்ததாகவும் பின்னாளில் அவர் சொன்னார். நிறத்தால் தாழ்த்தப்பட்டால் நமக்கு வலிக்கிறது. அந்த வலியை அறிந்தவர், பிறப்பால் தாழ்த்தப்பட்டவரைக் காணும்போது அதை மறக்கலாகாது.

இனிச் செய்ய வேண்டியது என்ன? தொலைவில் தேட வேண்டாம். தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் என எங்கும் அடுக்ககங்கள் எழுந்திருக்கின்றன. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனித் தம்ளர் வைத்திருக்கிறோமா என்று அவரவர் சமையலறையைப் பார்த்துக்கொள்ளலாம். வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் ஊர் எது, தெரு எது என்று சுற்றிவளைத்துக் கேட்பது எதை அறிய என்று எண்ணிப் பார்க்கலாம். நாம் ஏற்கெனவே அவர்கள் உழைப்பைக் கொண்டுதான் வாழ்கிறோம். விடியுமுன் தெருவைப் பெருக்குபவர் தூய்மையைத் தருகிறார். பாட்டுக்குத் துணையான மிருதங்கத்துக்குத் தோல் பதமிட்டவர் நாதத்தைத் தருகிறார். பொருளைக் கொண்டுவிட்டு ஆளை நிறுத்திவைப்பது ஆழ்வார் சொன்ன கொள்ளுதலன்று.

ஆகவே நம் பிரபந்த வகுப்புகளில் எல்லாக் குழந்தைகளும் சேரட்டும்; அது கொடுத்தல். நாளை அக்குழந்தைகளில் ஒருவர் வளர்ந்து காலக்ஷேபம் ஸாதிக்கும்போது நாமும் நம் பிள்ளைகளும் கீழே அமர்ந்து கேட்போமாக, அது கொள்ளுதல். படிப்புதவித் தொகை அளிப்பதோடு நிறுத்தாமல், அப்படிப் படித்து வந்தவரை நம் அலுவலகத்தில் தலைவராக ஏற்பதும் கொள்ளுதலே.

திருநீர்மலையில் உலகளந்தானை ஸேவிக்கும்போது ஒன்றை நினைப்போம். நம் தலையில் பட்ட அதே திருவடி, நாம் விலக்கி நிறுத்தியவர் தலையிலும் அன்றே பட்டுவிட்டது. அத்திருவடி பட்ட தலையைத் தாழ்ந்தது என்று சொல்லும் நா நமக்கு வேண்டாம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.