திரையும் அருள்தான்

அலங்காரம் நடக்கும்போது எங்கள் ஊர் சிவன் கோயிலில் திரை போட்டுவிடுவார்கள். பழைய ஊதாத் துணி. கற்பூரச் சூடு பட்டு ஓரத்தில் ஒரு பொத்தல். உபயதாரர் பெயரில் பாதி எழுத்து அழிந்திருக்கும். “எப்பம்மா எடுப்பாங்க?” என்று நச்சரிப்பேன். “மறைக்கிறதும் அவன்தான், கும்பிட்டுக்கோ” என்பார் அம்மா.

முப்பது வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்த பிறகு அந்தப் பேச்சை எனக்கு விளங்கவைத்தது பிளாங்க் விண்கலம். 2009 மே 14 அன்று ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவியது. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகளில் புறப்பட்ட ஆதி ஒளி, இன்று 2.7 கெல்வின் குளிரில் நுண்ணலையாக வந்துசேர்கிறது. அதில் லட்சத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கத்தைப் பிடிக்க, உணர்கருவிகளையே 0.1 கெல்வின்வரை குளிர்வித்தார்கள்.

அந்த ஒளிக்கு முன்னால் எல்லாமே திரை: பால்வெளியின் தூசி, இடையில் கிடக்கும் விண்மீன் திரள்கள். ஒன்பது அலைவரிசைகளில் வானத்தை அளந்து, இவற்றைப் பிரித்துக் கழித்தார்கள். கழித்ததை எறிந்துவிடவில்லை. அதில் தெரிந்த புள்ளிகளை, அதே ராக்கெட்டில் போன ஹெர்ஷல் தொலைநோக்கியால் உற்றுப் பார்த்தார்கள். 2015-ல் 234 புள்ளிகளைப் பற்றிய முடிவு வந்தது. பெரும்பாலானவை கொத்துக் கொத்தான திரள்கள். பிரபஞ்சத்துக்கு 300 கோடி வயதிருக்கையில் மளமளவென்று நட்சத்திரங்களை ஈன்றுகொண்டிருந்தவை.

சைவ சித்தாந்தம் ஐந்தொழிலில் மறைத்தலையும் வைக்கிறது. அதையும் அருள் என்கிறது. இளமையில் இதை ஏற்க முடியவில்லை. ஆதியே மெய், இடையில் வந்ததெல்லாம் மறைப்பு என்றிருந்தேன். நுண்ணலையில் இறைவனையே கண்டுவிட்டதாக மேடையில் பேசுகிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது 3,000 கெல்வின் சூட்டில் இருந்த வாயுவின் வெளிச்சம். அந்த வாயு ஏறக்குறைய முழுக்க ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். நம் எலும்பின் கால்சியமும் ரத்தத்தின் இரும்பும் பிற்பாடு நட்சத்திரங்களில் வெந்து வந்தவை. திரை என்று கழித்தோமே, அந்தத் திரையின் நூல்தான் நாம். மறைத்தல் அருள் என்பதை நான் இப்போது முழுமனதாக நம்புகிறேன்.

பிளாங்கின் வரைபடங்கள் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. பிள்ளைகளுக்குக் காட்டும் ஆசிரியர்களே, தூசி நீக்கிய படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நீக்காததையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.