ஞாயிற்றின் நடுவுநிலைமை

கண்டி மாநகரிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, தும்பறை மலைத்தொடரின் சரிவில், ஹுன்னஸ்கிரிய என்னுஞ் சிற்றூர் அமைந்துள்ளது. அதனைச் சூழத் தேயிலைத் தோட்டங்களும் அடர்ந்த காடுகளும் உள்ளன. தைத்திங்கள் முதனாளிலே அத்தோட்டங்களில் வாழும் நம்மவர் வாயில் மெழுகிக் கோலமிட்டு, புதுப்பானையிற் பொங்கி, ஞாயிற்றுக்குப் படைத்து வழிபடுவர். ஆயின் அது வடகீழ்ப் பருவக்காற்று வீசுங் காலமாதலால், மலைமுகடுகளில் முகிலும் மூடுபனியுங் கவிந்து, ஞாயிற்றின் வட்டம் கண்ணுக்குப் புலப்படாமலே பானை பொங்கி வழிதலும் உண்டு. அவ்வேளையில் ஒரு சிறுவன் தன் ஆசிரியரை நோக்கி, "ஐயா, சூரியன் வரவில்லையே, நாங்கள் யாருக்குப் படைக்கிறோம்?" என்று வினவுவானாயின், அவர் கூறத்தக்க விடை யாது?

"சூரியன் வந்துவிட்டது, தம்பி; வராவிட்டால் இந்தப் பானையை நீ எப்படிக் காண்பாய்?" என்பதே விடை. மூடுபனி மறைத்தது வட்டத்தையேயன்றி ஒளியை அன்று. மூடுபனிதானும் வெண்ணிறமாய்த் தோன்றுவது ஞாயிற்றின் ஒளியினாலேயாம். இவ்விடை சிறுவனுக்கு அமையும். ஆயினும் அவன் சற்றே வளர்ந்தபின் இதனினும் வலிய வினாவொன்றை எழுப்புவான்: "சூரியன் எல்லாருக்கும் ஒரேயளவாக ஒளி தருகிறதென்றால், சிலர் வீடு வெளிச்சமாகவும் சிலர் வீடு இருட்டாகவும் இருப்பது ஏன்?" இவ்வினாவுக்குச் சைவாசிரியர்களாகிய நாம் தரும் விடை பல வேளைகளிற் பிழைபட்டுப் போகின்றது. அப்பிழை யாதென்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

முதற்கண் ஞாயிற்றின் இயல்பைச் சிறிது நோக்குவோம். அது நமக்கு ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அதன் மேற்பரப்பை நீங்கிய கிரணம் நம் முற்றத்தை அடைதற்கு எட்டு நிமிடங்களுக்குச் சிறிது மேற்படச் செல்லும். அதன் நடுவிலே ஐதரசன் அணுக்கருக்கள் ஒன்றுகூடி ஈலியமாக மாறுகின்றன. அம்மாற்றத்திலே ஒவ்வொரு விநாடியும் 40 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட பொருள் தன்னுருவழிந்து ஆற்றலாகின்றது. ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளாக அவ்வேள்வி நடைபெற்று வருகின்றது. நிலவுலகின்மீது இரண்டு மணிநேரம் விழும் ஞாயிற்றாற்றல், மக்களினம் முழுவதும் ஓராண்டிற் செலவிடும் ஆற்றலினும் மிகுதியாம். பிறிதொரு விறகை வேண்டாது தன்னையே விறகாக்கி எரியும் விளக்கு ஞாயிறு.

இனி, அவ்வாற்றல் ஹுன்னஸ்கிரியவில் எவ்வாறு தொழிற்படுகின்றதெனக் காண்போம். தேயிலைச் செடியின் இலை தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஓரிரு பங்கையே பற்றிக்கொள்கின்றது. அச்சிறு பங்கினாலே நீரையும் கரியமில வாயுவையும் உணவாக்கி, இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகத் துளிர்க்கின்றது. கொய்த கொழுந்தை உலர்த்துதற்கு எரிக்கும் விறகு, முன்னாளில் மரம் சேமித்து வைத்த ஞாயிற்றொளியேயாம். கடல்நீரை ஆவியாக்கி மலையுச்சிக்கு ஏற்றுவதும் ஞாயிறே. அந்நீர் மழையாய்ப் பொழிந்து, ஓடைகளாய் இறங்கி, மகாவலி கங்கையைச் சேர்கின்றது. தெல்தெனியவுக்கு அணித்தாய், 122 மீற்றர் உயரமுடைய விக்டோரியா அணை அந்நதியைத் தேக்கி நிற்கின்றது. 1985 இல் திறந்துவைக்கப்பட்ட அவ்வணையின் நீர், 210 மெகாவாற்று மின்னாற்றல் பிறப்பிக்கவல்ல பொறிகளைச் சுழற்றுகின்றது. ஆகவே நாம் இரவில் ஏற்றும் மின்விளக்கும், ஆராயுமிடத்து, பகலில் வந்த ஒளி இரவில் மீண்டு வருதலேயாம்.

இங்ஙனமாகலின், கொழுந்து கொய்யுந் தாயின் கூடையில் நிறைவது ஒளியே. அது கடல்கடந்து சென்று பிறர் கோப்பையை அடைகின்றது. மாலையில் அவள் மீளும் இல்லமோ லயம் எனப்படும் வரிசைவீடு. ஆங்கிலேயராட்சிக் காலத்திற் கட்டப்பெற்ற லயங்கள் பல, முதுகோடு முதுகு பொருந்திய இரட்டை வரிசைகளாய், பின்சுவரிற் பலகணியில்லாத சிற்றறைகளாய் அமைந்தவை. தொழிற்சாலையிலும் துரைமார் பங்களாவிலும் மின்விளக்கு எரியத் தொடங்கிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே அவ்வறைகளுட் பலவற்றுக்கு மின்சாரம் வந்தது. அதுவரையும் ஒளியை அறுவடை செய்தவள் மண்ணெண்ணெய் விளக்கின் புகையிலே தன் பிள்ளைக்குச் சோறிட்டாள்.

இந்நிலைக்குக் காரணங் கூறப் புகுவோர் சிலர், நம் சித்தாந்த நூல்களில் வழங்கும் உவமையொன்றை எடுத்தாள்வர். ஞாயிறு விருப்பு வெறுப்பின்றித் தன் சந்நிதிமாத்திரையால் விளங்கி நிற்ப, ஒரே குளத்திலுள்ள தாமரைகளுள் பக்குவமுற்ற அரும்பு மலர்கின்றது. பக்குவமுறாதது அரும்பாகவே நிற்கின்றது. முன்னரே மலர்ந்து முதிர்ந்தது வாடுகின்றது. வேறுபாடு ஞாயிற்றினதன்று, தாமரைகளினது. அவ்வாறே இறைவனருள் யாவர்க்கும் ஒருபடித்தாயினும், உயிர்கள் தத்தம் பக்குவத்திற்கேற்பவே பயன்கொள்ளும் என்பது அதன் கருத்து. இவ்வுவமை ஆழ்ந்த உண்மையொன்றை விளக்குவது என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்னோர் அதனைத் தன்னெல்லைக்குப் புறம்பே இழுத்துச் சென்று, "லயத்திலிருப்பவன் இருளிலிருப்பதும் அவன் பக்குவக் குறைவே, வினைப்பயனே, அதன்கண் நாம் செய்யத்தக்கது யாதுமில்லை" என்பர். இக்கூற்று அறிவுக்கும் பொருந்தாது, சைவத்துக்கும் பொருந்தாது.

பொருந்தாமைக்குக் காரணங் கூறுவாம். முதலாவது, உவமைகள் பெரும்பாலும் ஒருபுடையொப்புமை பற்றியே வருவன. முகத்தை மதியென்றால், முகமும் பதினைந்து நாள் தேயுமென்று கொள்வார் எவருமிலர். விகாரமின்றிச் சந்நிதியால் தொழில் நிகழ்தல் என்னும் ஒரு கூறு பற்றியே ஆன்றோர் ஞாயிற்றை இறைவனுக்கு உவமையாக்கினர். ஞாயிறு அறிவற்ற சடம். மேலே கூறியவாறு விநாடிதோறுங் குறைவது. ஒரு காலத்தில் அவியவும் இருப்பது. இறைவன் பேரறிவினன்; கொடுத்தலாற் குறையாதவன். எடுத்துக்கொண்ட பொருளின்மேலேயே முற்றும் பொருந்தாத ஓர் உவமையை, அப்பொருளுக்குப் புறம்பாகிய உலகியல் ஏற்றத்தாழ்வுக்குச் சான்றாக்குதல் எங்ஙனங் கூடும்?

இரண்டாவது, அவ்வுவமையிலே ஞாயிற்றுக்கும் குளத்துக்கும் இடையே எவரும் மறைப்பு வைத்திலர். ஒருவன் குளத்தின் ஒரு பாதியைப் பலகையிட்டு மூடிவிட்டு, "இப்பாதியிலுள்ள அரும்புகள் பக்குவமற்றவை" என்பானாயின், அவன் சொல்லை நாம் ஏற்போமா? பலகணியின்றி அறை கட்டியது ஞாயிறன்று; கொத்தனாரின் கையும், அவருக்குக் கட்டளையிட்டாரது கருத்துமாம். பக்குவத்தால் வரும் வேறுபாடு வேறு. மறைப்பால் வரும் வேறுபாடு வேறு. முன்னையது உயிரினுள்ளே நிகழ்வது. இறைவன் ஒருவனே அறிவது. பின்னையது நம் கண்முன்னே கல்லாலும் சாந்தாலும் கட்டப்பட்டது. கட்டிய கை எதுவோ அக்கையே அதனைத் திறக்கவும் வல்லது.

"நிழலும் வேண்டப்படுவதன்றோ? தேயிலைத் தோட்டத்திலே நிழல்மரங்களை வேண்டுமென்றே நடுகின்றனரே" எனின், ஆம், நடுகின்றனர். கடுவெயில் செடியைத் தாக்காவண்ணம் இடையிடையே மரம் வைப்பர். பருவமறிந்து கிளை கழித்து ஒளியை உள்ளே விடுவர். அந்நிழல் செடியின் நலங்கருதி அளந்து இடப்படுவது. தாய் நோயுற்ற மகவுக்கு உணவை அளந்திடுதலும், ஆசிரியர் மாணவனை அன்போடு கண்டித்தலும் அத்தகைய நிழல்களாம். லயத்தின் இருளோ அதிற் குடியிருப்போர் நலங்கருதி இடப்பட்டதன்று. செலவு குறைய வேண்டுமென்று கருதி இடப்பட்டது. ஆதலின் ஒரு நிழலைக் கண்டவிடத்து, அஃது எவருடைய நன்மைக்காக விழுகின்றதென்று வினவுதல் வேண்டும்.

"அற்றேல், வினைக்கொள்கை பொய்யோ?" எனின், அன்று. ஒருவன் தனக்கு வந்த துன்பத்தைத் தன் வினைப்பயனெனக் கொண்டு, பிறரைப் பகையாது பொறுத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. பிறனுக்கு வந்த துன்பத்தை அவன் வினைப்பயனெனக் கூறித் தான் வாளாவிருத்தல் அறிவுடைமையன்று. அவன் நுகர்வது பிராரத்தமாயின், அதனைக் கண்டும் உதவாதிருக்கின்ற நம் செயல் நமக்கு ஆகாமியமாய் ஏறும். அவனுடைய பழைய கணக்கை நாம் அறியோம்; நம்முடைய புதிய கணக்கையோ நாமே நாடோறும் எழுதி வருகின்றோம்.

இக்காலத்து நிகழ்ச்சியொன்று இதனை மேலுந் தெளிவிக்கும். வீட்டுக் கூரைகளிற் சூரியத் தகடு பொருத்தி மின்சாரம் பெறுதலை ஊக்கும் அரசுத் திட்டம், "சூரிய பல சங்கிராமய" என்னும் பெயரால் 2016 இல் இலங்கையில் தொடங்கப்பட்டது. தெளிந்த வானத்து நண்பகலில் ஒரு சதுர மீற்றர் பரப்பின்மீது ஏறத்தாழ 1,000 வாற்று ஆற்றல் விழும். இக்காலத்துத் தகடுகள் அதில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை மின்சாரமாக்க வல்லன. ஆண்டுகள் செல்லச் செல்ல அத்தகடுகள் பெருகின. 2025 ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே, தொழிலகங்கள் மூடியிருந்தமையால் மின்தேவை குறைந்தது. பெருகிவரும் மின்சாரத்தால் மின்வலையமைப்பு நிலைகுலையுமென அஞ்சி, கூரைத் தகடுகளைப் பகற்பொழுதில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை அவற்றின் உரிமையாளரை வேண்டிற்று. ஞாயிறு கொடுத்தது, ஏற்கும் கலம் போதாதாயிற்று. ஈண்டுக் குறை ஞாயிற்றினதுமன்று, ஒளிவேண்டி நிற்போரதுமன்று, இடைநின்ற அமைப்பினதேயாம். சேமிக்கும் மின்கலங்களையும் பகிர்ந்தனுப்பும் வழிகளையும் பெருக்கின் அக்குறை தீரும்.

இன்னுமொன்று கூறுவாம். லயத்தின் தகரக் கூரைமேலும் துரைமார் பங்களாவின் கூரைமேலும் விழுவது ஒரே வெயிலே. ஆயினும் லயங்களிலே தலைமுறை தலைமுறையாய் வாழ்வோருட் பெரும்பாலார்க்குத் தம் தலைக்குமேலுள்ள கூரை தமக்குரியதன்று. உரிமையில்லாத கூரையில் எந்தத் தகட்டைப் பொருத்துவது? வெயில் பொது, கூரை பொதுவன்று. இவ்வேறுபாட்டைத் தாமரையின்மேல் ஏற்றுதல் தகுமா?

இனி, இவ்வாராய்ச்சி ஆசிரியர்களாகிய நமக்கு உணர்த்துவது யாது? மலையகத்துத் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் ஓரறையும் ஓராசிரியருமாய் இருந்தன. 1970களிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. அதன்பின் அப்பிள்ளைகளுள்ளிருந்து ஆசிரியர்களும் மருத்துவர்களும் சட்டத்தரணிகளும் மேன்மேலுந் தோன்றினர். இவர்தம் பாட்டன்மார் பக்குவமற்றவராயிருந்து, பேரப்பிள்ளைகள் மட்டும் ஒருநாளிற் பக்குவமுற்றனர் என்பதா? அன்று, மூடிய பலகை ஓரத்திற் சிறிது விலகிற்று, அரும்பு மலர்ந்தது. அவ்வளவே.

இதனைப் பிறர்க்குக் கூறுமுன் நமக்கு நாமே கூறிக்கொள்ளல் வேண்டும். "இவன் மந்தன், எத்தனை முறை சொன்னாலும் ஏறாது" என்று ஒரு பிள்ளையைக் கடைசி வாங்கில் இருத்திவிட்டு, அமைதியடைந்த ஆசிரியர் நம்முள் எத்தனைபேர்! யாமும் அங்ஙனஞ் செய்ததுண்டு. ஓராண்டு முழுவதும் கரும்பலகையைப் பார்த்துப் பிழையாகவே எழுதிவந்த ஒரு மாணவனை யாம் பலமுறை கடிந்தோம். பின்னொருநாள், அவன் முன்வாங்கில் வந்திருக்க நேர்ந்தபோது பிழையின்றி எழுதினான். அவனுக்குத் தொலைவிலுள்ள எழுத்துத் தெரிவதில்லை என்பது அன்றே விளங்கிற்று. கண் இருந்தது, ஒளியும் இருந்தது, இடையிலிருந்த தொலைவை யாம் பக்குவக் குறைவென்று எண்ணினோம். அவன் அந்த ஓராண்டும் எம்மை மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. தான் மந்தனென்றே நம்பியிருந்தான். அதனை நினைக்குந்தோறும் நாணுகின்றோம்.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, ஒரு பிள்ளையைப் பக்குவமற்றவனென்று தீர்ப்பிடுமுன் மூன்றினை ஆராய்வோமாக. அவன் கண் தெளிவாகக் காண்கின்றதா? அவன் வீட்டில் இரவிற் படித்தற்கு விளக்குண்டா? அவன் காலையில் உண்டு வந்தானா? வீட்டில் விளக்கில்லாதவனுக்கு வீட்டுவேலை கொடுத்து மறுநாள் அடித்தல், மூடிய குளத்தை நோக்கி மலராமைக்குச் சினத்தலை ஒக்கும். பள்ளி முடிந்தபின் பகலொளி உள்ளபோதே அரைமணி நேரம் அங்கிருந்து எழுத இடங்கொடுத்தல் நம்மால் இயலும். இம்மூன்றையும் ஆராய்ந்து, நீக்கத்தக்க மறைப்பையெல்லாம் நீக்கிய பின்னரும் அரும்பு மலராதிருக்குமாயின், அப்பொழுது பக்குவம் என்னுஞ் சொல்லை நாம் எடுக்கலாம். அப்பொழுதும் அதனைத் தீர்ப்பாகவன்று, காத்திருத்தற்குரிய காரணமாகவே எடுத்தல் முறை.

அடுத்த தைப்பொங்கலன்று ஹுன்னஸ்கிரியவிலே மூடுபனி கவியினுங் கவியும். ஞாயிறு தோன்றினுந் தோன்றும். எவ்வாறாயினும் பானைமுன் நின்று கைகூப்பும் பிள்ளைகளுக்கு நாம் இதனைச் சொல்வோமாக: ஞாயிறு பங்களாவென்றும் லயமென்றும் பார்த்து உதிப்பதில்லை, அதனை வணங்குகின்ற நாமும் அங்ஙனம் பாராதிருத்தலே அவ்வணக்கத்தின் பொருளாம். மூடுபனியை நீக்குதல் நம் கையிலில்லை. சுவரிற் பலகணி திறத்தல் நம் கையிலுள்ளது. அதனைச் செய்தற்குத் திருவருள் நமக்குத் துணைநிற்பதாக.