கணவாய் இருக்கிற தைரியம்

தை மாத விடியலில் காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள். ஆனைகட்டி வண்டி இன்ஜினை அணைக்காமல் நிற்கும். மேம்பாலத்துக்கு அடியில் எரியும் விளக்கைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம் தெரியும். பனி என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். பூ விற்கிற அம்மா கூடைமேல் போர்த்திய ஈரத்துணியை எட்டு மணிக்கு எடுத்துப் பிழிவார். வடிகிற தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருக்கும். பனிக்கு அந்த நிறம் கிடையாது.

எங்கள் ஊருக்கு மேற்கே மலை இடைவெளி விட்ட இடம் பாலக்காட்டுக் கணவாய். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். வைகாசிக் கடைசியில் தென்மேற்குக் காற்று அதில் நுழைந்தால் ஆவணி வரை ஓய்வதில்லை. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவது அதை நம்பித்தான். அந்த மாதங்களில் நாம் விடுகிற புகை நம் மூக்குக்குத் திரும்பி வருவதில்லை. "கோயமுத்தூர்க் காத்துக்கு ஈடு உண்டுங்களா?" என்று வெளியூர்க்காரரிடம் கேட்கிறோம். காற்றைச் சுத்தமாக வைத்திருப்பது நாம் அல்ல, அந்தக் கணவாய். இதை நான் உணர நாற்பது வயதாயிற்று.

மார்கழி, தை இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கீழே தங்கிவிட, சற்றே சூடான காற்று அதன்மேல் சட்டிக்கு மூடி போட்டாற்போல் உட்கார்ந்துகொள்ளும். டீசல் புகை, குப்பை எரித்த புகை, கரும்புக் காட்டில் சோகை கொளுத்திய புகை எல்லாம் வெயில் ஏறும்வரை தெருவிலேயே கிடக்கும். பகலில் காற்று கிழக்கேயிருந்து வீசும். அப்போது நம் மிச்சத்தை அதே கணவாய் வழியாக வாங்கிக்கொள்கிறவர்கள் பாலக்காட்டுக்காரர்கள்.

புகை மட்டுமல்ல, தூசியும் உண்டு. பொள்ளாச்சி இன்னும் சந்தை ஊர்தான். செவ்வாயும் வியாழனும் மாட்டுச் சந்தை; தேங்காயும் இளநீரும் வெல்லமும் லாரி லாரியாகப் போகின்றன. தேங்காய் போனபின் மிஞ்சுகிற மட்டையை அடித்து மஞ்சி என்கிற நாரைப் பிரிக்க மில்கள் வந்தன. மஞ்சி கயிறாகிறது, மெத்தையாகிறது. உதிர்கிற தூள் ஒருகாலத்தில் சாலையோரம் மலையாகக் குவிந்து கிடந்தது. இன்று அதைக் கழுவி, உலர்த்தி, கட்டியாக அழுத்தி, மண்ணுக்குப் பதிலாகச் செடி வளர்க்க வெளிநாட்டுக்கு ஏற்றுகிறார்கள். வீணாகப் போனது காசாயிற்று; அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தத் தூள் காய்வது வெட்டவெளிக் களத்தில், சுட்டெரிக்கிற பங்குனி, சித்திரை வெயிலில். அப்படி ஒரு களத்தில் தூளைக் கிளறிக்கொண்டிருந்த பெண் முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தார். இமை முடிவரை செம்பொடி. "காத்தடிச்சா அடுத்த ஊருக்குப் போயிருமுங்க. நின்னு போச்சுன்னா நம்ம நெஞ்சுக்குள்ளதானுங்க" என்றார். கை நிற்கவில்லை.

2021-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார் மில்களை, மாசு குறைந்த தொழில்களுக்கான வெள்ளைப் பட்டியலிலிருந்து மாசு கூடியவற்றுக்கான ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. மில்காரர்கள் எதிர்த்தார்கள். கடனில் ஓடுகிற சிறு மில்களின் கவலை பொய்யில்லை. அந்த இமையில் ஒட்டியிருந்த பொடியும் பொய்யில்லை.

தூசியால் வருகிற நோய் இந்தச் சீமைக்குப் புதிதா? 1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியதிலிருந்து பஞ்சுதான் எங்களுக்குச் சோறு போட்டது. என் பெரியப்பா ஒரு மில்லில், பஞ்சை அடித்துப் பிரிக்கிற புளோ ரூமில் இருந்தார். ஞாயிறு முழுக்க நன்றாக இருப்பார். திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சை இழுப்பார். புருவத்தில் பஞ்சு வெள்ளையாக ஒட்டியிருக்கும். லீவு முடிந்த முதல் நாளில் நெஞ்சு இறுகுவதுதான் பிசினோசிஸ் என்கிற பஞ்சுத் தூசி நோயின் அடையாளம். தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே அதற்குப் பெயர் இருந்தது. அவர் இருந்தவரை எங்கள் வீட்டில் அதற்கு ஆஸ்துமா என்றுதான் பெயர்.

மூச்சுக் காற்றில் 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள், ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று 2009-ல் நம் நாடு வகுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அதை 5 என்று சொல்லிவிட்டது. இந்த இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள தூரத்தைவிட, 'ஆண்டுச் சராசரி' என்கிற சொல்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஆடிக் காற்றையும் தை விடியலையும் ஒரே கூடையில் கொட்டிக் கூட்டி வகுத்தால் ஊர் தேறிவிடும். பெரியப்பாவுக்குத் திங்கட்கிழமை தனியாகத்தான் வந்தது.

கொங்கில் போகியன்று காப்புக் கட்டுவோம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வாசலிலும் கட்டுத்தரையிலும் காட்டிலும் கட்டுவது வழக்கம். என் சிறுவயதில் எங்கள் ஊரில் அன்றைக்கு எதையும் எரித்து நான் பார்த்ததில்லை. போன போகிக்குப் பொழுது விடியுமுன்பே தெருக்கோடியில் டயர் எரிந்தது. காப்புக் கட்ட வாசலுக்கு வந்த பெரியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தார். உள்ளே வாங்க பெரியம்மா என்றேன்.

"காத்துத் திரும்பட்டும் கண்ணு, செரியாப் போயிரும்" என்றவர், பூளைப்பூவைப் பிடித்த கையிலேயே விரல் மடக்கினார். தை, மாசி, பங்குனி, சித்திரை.