பெற்றோர் கடனும் ஆசிரியர் கடனும்

பரீட்சையில் ஒரு பிள்ளை பின்னிற்குமாயின், குற்றம் வீட்டினதோ வித்தியாசாலையினதோ என்னும் வினா எழுதல் இயல்பே. உபாத்தியாயர்களாகிய நாம் பெரும்பாலும், "பெற்றோர் கவனியார், நாம் என் செய்வோம்?" என்று கூறி அமைகின்றோம். அக்கூற்று நீதியுடையதோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1966ஆம் ஆண்டிலே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜேம்ஸ் கோல்மன் என்னும் சமூகவியலறிஞரும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்ட அறிக்கை, கட்டடம், உபகரணம் முதலிய பாடசாலை வேறுபாடுகளினும் வீட்டுநிலையே பிள்ளைகளின் தேர்ச்சியோடு மிக்க தொடர்புடையது எனக் காட்டிற்று. இதுகொண்டு, செல்வரும் கற்றாருமாகிய பெற்றோரின் பிள்ளைகளே கற்பர் என முடிவுகட்டுதல் தவறாம். என்னை? வீட்டுநிலை என்பது பொருளும், பேச்சும், பழக்கமும், நம்பிக்கையுமாகிய பலவற்றின் கூட்டமாதலின்.

அந்நாட்டிலேயே 2014இல் கீத் ராபின்சன், ஏஞ்சல் ஹாரிஸ் என்னும் இருவர் வெளியிட்ட நூல், வீட்டுப்பாடத்திற்கு உதவுதல் முதலிய பெற்றோர் முயற்சிகள் பல தேர்ச்சி உயர்வோடு தொடர்புறவில்லை என்கின்றது. பின்தங்கும் பிள்ளைக்கே உதவி மிகுதலும் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆதலின் உதவி வீணென்பது கருத்தன்று. ஆயினும், கூட்டத்துக்கு வாராத தாயைக் கவலையற்றவள் எனத் துணிதற்கு இடமில்லை என்பது இதனாற் பெறப்படும்.

பகலெல்லாங் கொழுந்து கொய்யுந் தாயும், இரவெல்லாங் கடலில் வலைவீசுந் தந்தையும் கணக்குச் சொல்லிக் கொடுத்தல் யாங்ஙனம்? அவர்களால் இயல்வன வேறு. பிள்ளையைத் தவறாது அனுப்புதல், படிக்கும் வேளையில் வேலை ஏவாமை, "இன்று என்ன படித்தாய்?" என அன்போடு வினாவுதல், அது கற்று மேம்படும் என நம்புதல் என்னும் இவற்றிற்கு எழுத்தறிவு வேண்டா. மற்றொரு பாலில், ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பொருட்டுச் சிறு பிள்ளையின் உறக்கத்தையும் விளையாட்டையும் ஒழித்து வருத்துவோரும் உளர். அது கல்வியில் ஈடுபாடன்று. தம் பெருமையைப் பிள்ளையின் தலையிற் சுமத்துதலேயாம்.

ஆதலின் நாம் செய்யத்தக்கது யாது? குறை கூறுதற்கே அழைப்போமாயின் ஏழைப் பெற்றோர் நாணி வாரார். பிள்ளையின் நன்மை ஒன்றை முதலிற் கூறி, அவர்க்கு இயல்வதொன்றைக் கேட்போமாக. அவர் அதனையுஞ் செய்யாராயின், நங்கடன் குறையுமோ? குறையாது, மிகும். 1945 முதல் இத்தேசத்திலே இலவசக் கல்வி வகுக்கப்பட்டதும், பிறந்த வீடு கொடுக்கமாட்டாததை வித்தியாசாலை கொடுத்தற்கன்றோ?